பார்க்க ஒன்றுமில்லாத பாலம்

சிவம் அண்ணையின் மகள் போன மாதம் என்னைத் தொலைபேசியில் பிடித்தாள். பாரிசில், லூயி-பிளாங் தெருவில் அப்பா நடத்திய பயண முகவர் நிலையத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள். 2009 முதல் ஓய்வு பெறும்வரை அந்த நிலையத்தின் பஸ்களோடு ஐரோப்பா முழுக்கப் போய் வந்த ஆள் நான். என் அட்டையில் சுற்றுலா வழிகாட்டி என்று இருந்தது. உண்மையில் செய்தது சோற்றுப் பார்சல் கொடுப்பதும் தலை எண்ணுவதும்தான்.

"மாமா, சும்மா பேருக்குப் புகழுற இடங்கள் கொஞ்சம், ஒருத்தரும் கண்டுகொள்ளாத நல்ல இடங்கள் கொஞ்சம் எழுதித் தாங்கோ. எங்கடை இணையத்திலை போடோணும். சனம் இப்ப அதைத்தான் வாசிக்குதுகள்," என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். மறுநாளே பதில் வந்தது.

"மாமா, இதை வாசிச்சால் ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிக்கிட மாட்டினம். த்றோ நெகத்தீவ், ஒரே குறை சொல்லுறியள்."

அவள் வேண்டாம் என்றதை வீணாக்க மனமில்லாமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஈபிள் கோபுரம். வரிசையில் நின்றே பாதி நாள் போய்விடும். மேலே ஏறியதும் எங்கள் ஆட்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "லாச்சப்பல் எந்தப் பக்கம்?" காலையில் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் பஸ் ஏறி, இவ்வளவு பாடுபட்டு வானத்துக்குப் போய், புறப்பட்ட இடத்தைத் தேடுவார்கள். கையைக் காட்டுவேன். திருப்தியோடு இறங்குவார்கள்.

பிரசல்ஸில் சிறுநீர் கழிக்கும் பொடியனின் சிலை. உலகம் முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம். சனக் கூட்டத்துக்குள் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை. ஒருமுறை வவுனியாவிலிருந்து வந்த ஓர் அம்மா நன்றாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இதைப் பாக்கவோ தம்பி பெல்ஜியத்துக்குக் கூட்டி வந்தனீங்கள்? எங்கடை ஒழுங்கை மதில் வழிய நிண்டு பெய்யிறாங்கள், நாங்கள் கல்லாலை எறிஞ்சு கலைக்கிறனாங்கள்." நான் தலை எண்ணத் தொடங்கினேன்.

பீசாவில் கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோலப் படம் எடுப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் நூற்றுக்கணக்கானவர்கள் வராத பஸ்ஸை மறித்துக்கொண்டு நிற்பதுபோல இருக்கும். வெனிஸில் நாங்கள் படகில் ஏறுவதில்லை, ஏறியவர்களைப் பார்ப்போம். சிவம் அண்ணையின் நிகழ்ச்சி நிரலில் அதற்கு "படகுக் காட்சி" என்று பெயர்.

ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே சுவிஸ் பனிமலை. வருடத்தில் பாதி நாள் வீட்டு வாசலில் பனி வழித்து முதுகு உடைந்த கனடாக்காரர்கள், கோடை விடுமுறையில் பாரிசுக்கு வந்து, ஒரு நாள் முழுக்க பஸ்ஸில் இருந்து, கம்பி வண்டியில் தொங்கி, பனியைத் தொட்டுப் பார்க்கப் போவார்கள். காஞ்சிபுரம் சேலைக்கு மேலே குளிர் அங்கி, கீழே சப்பாத்து. கையில் அள்ளிய பனியோடு ஒரு படம். பிறகு, "இஞ்சை சோறு எங்கை கிடைக்கும்?"

கண்டுகொள்ளாத இடங்கள் என்று கேட்டால், லக்சம்பூர்க்கைச் சொல்வேன். நகரத்தின் நடுவிலேயே பெரிய பள்ளத்தாக்கு ஓடுகிறது. எங்கள் பயணிகளுக்கு அது மலிவாக டீசல் அடிக்கும் நாடு. அதைவிட நல்ல இடம், மெட்ஸ் நகரம் போகும் நெடுஞ்சாலையின் ஓய்விடங்கள். மர நிழல், வாங்கு மேசை, காசு கேட்காத சுத்தமான கழிப்பறை. அங்கே பார்சலைப் பிரித்து இடியப்பமும் சம்பலும் சாப்பிடும்போது எங்கள் சனத்தின் முகத்தில் இருக்கும் மகிழ்ச்சியை நான் எந்த அரண்மனை வாசலிலும் கண்டதில்லை. சிவம் அண்ணையின் மகள் முதலில் வெட்டியது இந்தப் பகுதியைத்தான்.

நான் இந்த வேலைக்கு வந்த கதை சுருக்கமானது. எண்பதுகளின் கடைசியில் பிரான்சுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவினேன். பிறகு வெங்காயம் வெட்டினேன். பிறகு முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்தன. இருந்து செய்யும் வேலை தேடி 2009இல் சிவம் அண்ணையிடம் போனேன். அந்த வருடம் எங்கள் சனத்தில் ஒருவருக்கும் உல்லாசப் பயணம் போகும் மனம் இல்லை. லாச்சப்பல் முழுக்க ஊர்ச் செய்தியைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தது. சுற்றுலா வேலையில் சேர அதைவிடப் பொருத்தமான வருடம் கிடைத்திருக்காது. அடுத்த கோடையில்தான் கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், பஸ் நிரம்பியது.

சிவம் அண்ணை தான் விற்ற இடங்களில் ஒன்றுக்கும் போனதில்லை. பஸ்ஸில் ஏறினால் அவருக்கு வாந்தி வரும். பெரிய பனிமலைப் படத்துக்குக் கீழே மேசை போட்டு இருப்பார். யாராவது "வெனிஸ் எப்பிடி அண்ணை?" என்று கேட்டால், கண்ணை மூடி, "அதை வாயாலை சொல்லேலாது தங்கச்சி," என்பார். அது முழு உண்மை. ஆனால் ஐரோப்பாவில் எந்த வாகனத் தரிப்பிடத்தில் கழிப்பறை இருக்கிறது, அது எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்று அவருக்கு மனப்பாடம். "சனம் கோயிலை மறந்துபோகும், தம்பி. அடக்கிக்கொண்டு இருந்ததை மறக்காது," என்பார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மேசையில் இருக்கும் பேனாக்களை நேராக அடுக்குவார். ஒரு பேனா கோணலாக இருக்கும்வரை நமக்குப் பிரச்சினையில்லை.

அவர் கடுமையாக இருந்தது ஒரே விசயத்தில்: அடையாளப் பத்திரம். பஸ் புறப்படும் முன் ஒவ்வொருவருடைய பாஸ்போர்ட்டையும், அகதிகளின் பயணப் பத்திரத்தையும் நான் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். போட்டோக் கொப்பி செல்லாது. முன்பக்கம், பின்பக்கம், காலாவதித் திகதி, பிறகு முகம். நான் வருவதற்கு முன்னால் சுவிஸ் எல்லையில் ஒருவரை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவருடைய அகதி வழக்கே அதனால் குழம்பிப் போனதாம். பஸ் முழுக்கச் சனம் சுங்கச் சாவடியில் பசியோடு கிடந்ததாம். சிவம் அண்ணை இரண்டையும் ஒரே குரலில்தான் சொல்வார். எது அவரை அதிகம் வருத்தியது என்று எனக்குத் தெரியாது.

நான் சேர்ந்து இரண்டு கோடை கழித்து, ஒரு சனிக்கிழமை விடிய, கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பஸ் நின்றது. சுவிஸ் பயணம். பிரான்சின் எல்லை நகரமான ஸ்ட்ராஸ்பூர்க்கில் மதியச் சாப்பாடு, அங்கிருந்து ஜெர்மனிக்குள் இறங்கி, ரைன் நீர்வீழ்ச்சி, பிறகு பனிமலை. ஏறியவர்களில் பெரிய குரல் ரொறன்ரோவிலிருந்து மனைவியோடு வந்திருந்த தர்மலிங்கம் ஐயாவுடையது. அவர் பாரிசை ஏற்கனவே பார்த்து முடித்திருந்தார். செய்ன் நதி, ஒண்டாரியோ ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாய்க்கால். ஈபிள் கோபுரம், ரொறன்ரோக் கோபுரத்தின் காலளவு. ரைன் நீர்வீழ்ச்சியைப் பற்றி, பார்க்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "நயாகராவைக் கண்டவனுக்கு இதெல்லாம் பைப் தண்ணி."

கடைசியாக ஏறியது பாரிசுக்கு வெளியே வில்லியே லே பெல்லில் இருந்து முதல் ரயிலில் வந்திருந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். வதனி என்று பெயர். தோளில் ஒரு பை, கையில் இன்னொரு பெரிய சாப்பாட்டுப் பை. பத்திரத்தை நீட்டினாள். அகதி வழக்கு நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லும் தற்காலிகத் தாள், நாங்கள் ரிசிப்பிசே என்று சொல்வது. அதை வைத்துக்கொண்டு பிரான்சுக்குள் இருக்கலாம். எல்லை தாண்ட முடியாது.

"தங்கச்சி, இதோடை சுவிசுக்குப் போகேலாது," என்றேன்.

"தெரியும் அண்ணை. நான் சுவிசுக்கு வரேல்லை. ஸ்ட்ராஸ்பூர்க்கிலை இறங்கிறன். அங்கை எங்கடை ஊர்ப் பிள்ளை ஒராள் இருக்கிறா. திரும்பி வரேக்கை என்னை ஏத்துங்கோ."

"அதுக்கு என்னத்துக்கு முழுப் பயணத்துக்கும் டிக்கெட் எடுத்தனீங்கள்?"

"ரயில்லை தனியப் போகப் பயமாக் கிடக்கு. மறிச்சுக் கேட்டால் எனக்குப் பாஷை தெரியாது. பஸ்ஸெண்டால் நீங்கள் எல்லாரும் நிப்பியள்."

வழக்கமாக இப்படிப்பட்டவர்களை ஏற்றுவதில்லை. ஒதுங்கிப் போய்ச் சிவம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். நித்திரைக் குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை எந்த நாட்டுக்குள்ளை போகுது?"

"ஒரு நாட்டுக்குள்ளையும் போகேல்லை அண்ணை. பிரான்சுக்குள்ளைதான்."

"அப்ப என்னத்துக்கு எனக்குப் போன்?" வைத்துவிட்டார்.

மெட்ஸ் தாண்டிய ஓய்விடத்தில் எல்லோரும் காலைச் சாப்பாடு சாப்பிட்டபோது வதனி சாப்பிடவில்லை. பெரிய பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். ஸ்ட்ராஸ்பூர்க்கில் தேவாலயம் நன்றாக இருக்கும், பெரிய மணிக்கூடு ஒன்றும் இருக்கிறது என்று வழிகாட்டிப் பேச்சை எடுத்துவிட்டேன்.

"எனக்குப் பாலம்தான் பாக்கோணும் அண்ணை. ஆக்கள் நடந்து போற பாலம் ஒண்டு இருக்காமே, ஆத்துக்கு மேலை."

பிறகு மெதுவாகச் சொன்னாள். கணவன் ஜெயந்தன் ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மன் முகாம் ஒன்றில் இருக்கிறான். போர் முடிந்தபோது ஆளுக்கொரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வந்ததும் ஆளுக்கொரு வழியாக அனுப்பப்பட்டார்கள். அவளைக் கூட்டி வந்தவன் பிரான்சில் விட்டான். அவனைக் கூட்டி வந்தவன் ஜெர்மனியில் விட்டான். இருவரும் இறங்கிய இடத்திலேயே வழக்குப் போட்டார்கள். அந்த ஆட்களும் ஒரு வகையில் எங்களைப் போலப் பயண முகவர்கள்தான். பாரிஸ் என்று சொல்லி எங்கேயாவது இறக்கிவிடுவார்கள். முறைப்பாடு கொடுக்க இடமில்லை.

அவன் இருந்த மாவட்டத்தை விட்டு வெளியேற அவனுக்கு அனுமதி இல்லை. ஆனால் அந்த மாவட்டம் ரைன் கரையில் முடிந்தது. பாலத்தின் நடுவரை அவன் வரலாம். மறுபக்கத்திலிருந்து நடுவரை இவள் போகலாம். இதைத் தொலைபேசி வரைபடத்தில் கண்டுபிடித்தது ஜெயந்தன்.

"ஒரு அடி கூடத் தாண்டக் கூடாதெண்டு லோயர் சொன்னவர். பிடிச்சால் இரண்டு கேசும் பழுதாப் போகுமாம்."

அந்தப் பாலத்தை நான் பலமுறை தூரத்தில் கண்டிருக்கிறேன். கம்பிகளில் தொங்கும் நடைபாலம். கரையில் பூங்கா. நாங்கள் அங்கே நின்றதில்லை, ஏனென்றால் அதில் பார்க்க ஒன்றுமில்லை. அன்றைக்கு ஓட்டுநரிடம் சொல்லி, மதியச் சாப்பாட்டை அந்தப் பூங்காவுக்கு மாற்றினேன்.

தர்மலிங்கம் ஐயா பஸ்ஸால் இறங்கிச் சுற்றிப் பார்த்தார். "இஞ்சை என்ன கிடக்கு?"

"பாலம், ஐயா."

"பாலமோ? உங்களுக்கென்ன விசரே? கனடாவிலை நான் வேலைக்குப் போற வழியிலை இதைவிடப் பெரிய பாலம் ஏழெட்டுத் தாண்டுறனான்."

வதனியோடு நானும் பாலத்தில் ஏறினேன். அவள் கேட்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வை போதுமாக இருந்தது. நடுவில் ஒரு அகலமான மேடை இருந்தது. அதன் மறுபக்க ஓரத்தில் ஒரு மெலிந்த மனிதன் பிளாஸ்டிக் பையோடு நின்றான். எல்லைக்கோடு எதுவும் போட்டிருக்கவில்லை. எங்கே பிரான்ஸ் முடிகிறது என்று தெரியாமல் வதனி ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அவனும் ஒரு கை நீளத் தூரத்தில் நின்றான். கீழே ரைன் நதியில் ஒரு சரக்குக் கப்பல் போனது.

பிறகு வதனி சொன்னாள்: "என்ன இது, தாடியும் ஆளும்."

"நீ மட்டும் என்ன, காஞ்சு போய் நிக்கிறாய்."

"பாசலைப் பிடியுங்கோ. நண்டுக் கறி. ஆறிப் போச்சுது."

கையை நீட்டிக் கொடுத்தாள். அவன் வாங்கினான். பார்சல்தான் முதலில் எல்லை தாண்டியது. பிறகு அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான், விடவில்லை. நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டு தள்ளி நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவள் தலை அவன் நெஞ்சில் இருந்தது. எந்த நாட்டில் நின்றார்கள் என்று இருவருமே பார்க்கவில்லை.

தர்மலிங்கம் ஐயா மூச்சு வாங்க மேலே வந்தார். மனைவியும் இன்னும் சிலரும் பின்னால். "ஆர் இந்தத் தம்பி? எங்கடை பஸ்ஸிலை காணேல்லையே." சுருக்கமாகச் சொன்னேன். வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். இது மட்டும் அவருக்கு ஒண்டாரியோவில் எதையும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்போதுதான் பிரெஞ்சுக் கரையிலிருந்து சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர் மெதுவாக ஏறி வந்தார்கள். ஜெயந்தன் கண்டான். வதனியை விட்டுப் பின்னுக்குப் போகப் பார்த்தான். "ஓடாதையும்," என்றேன். ஓடினால் அவர்களுக்கு வேறு வேலை இருக்காது. பிரெஞ்சில் என்ன சொல்வது என்று நான் மனதுக்குள் வசனம் கட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

"எல்லாரும் இஞ்சாலை வாங்கோ. குரூப் போட்டோ," என்று தர்மலிங்கம் ஐயாவின் குரல் பாலம் முழுக்கக் கேட்டது. கீழே பூங்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் எழும்பி வந்தார்கள். படம் என்றால் எங்கள் சனம் கையைக்கூடக் கழுவாமல் வரும். ஐயா கணவனையும் மனைவியையும் நடுவில் நிறுத்தினார். ஒரு பக்கம் தன் மனைவி, மறுபக்கம் தான். முன்னுக்குக் குட்டையானவர்கள். பொலிஸ்காரர் நெருங்கியதும் கழுத்தில் தொங்கிய பெரிய கமராவைக் கழற்றி, மூத்தவரின் கையில் கொடுத்துவிட்டார்.

"பிளீஸ் சேர். நாங்கள் கனடா."

பொலிஸ்காரர் சைக்கிளை என்னிடம் தந்தார். பின்னால் நடந்தார், குனிந்தார், நிமிர்ந்தார். ஓரத்தில் நின்றவர்களைக் கை காட்டி நெருக்கமாக நிற்கச் சொன்னார். நடுவில் சிரிக்காமல் நின்ற ஜெயந்தனைப் பார்த்துத் தன் வாயை விரலால் இழுத்துச் சிரித்துக் காட்டினார். ஜெயந்தன் சிரித்தான். அது சிரிப்புத்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம். மூன்று படம் எடுத்தார். மனச்சாட்சியுள்ள மனிதர்.

கமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது, தனக்கு ஒருநாள் நயாகரா பார்க்க ஆசை என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார். எப்படியிருக்கும் என்று கேட்டார்.

தர்மலிங்கம் ஐயா தோளைக் குலுக்கினார். "சும்மா தண்ணிதான், சேர்."

பொலிஸ்காரர் சைக்கிளை வாங்கிக்கொண்டு ஜெர்மன் பக்கம் இறங்கிப் போனார்கள். ஐயா போய்க் கைப்பிடியில் சாய்ந்து நின்றார். அவர் மனைவி தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்து, "நீங்கள் இண்டைக்குப் பிரசர் மருந்து போடேல்லை," என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு நீர்வீழ்ச்சிக்குப் போய்ச் சேரும்போது வாசல் பூட்டும் நேரம். வேலிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்டோம். ஒருவரும் முறைப்பாடு சொல்லவில்லை. என் வேலைக்காலத்தில் அது முதல் தடவை.

திரும்பி வரும்போது வதனியைப் பூங்கா வாசலில் ஏற்றினோம். ஒவ்வொரு நாளும் பாலத்துக்குப் போயிருக்கிறாள். பெரிய பை வெறுமையாக இருந்தது. பாரிஸ் வரும்வரை நன்றாக நித்திரை கொண்டாள்.

சிவம் அண்ணையிடம் நடந்ததைச் சொன்னேன். பேனாக்களை அடுக்கத் தொடங்கினார். சரி, வேலை போயிற்று என்று நினைத்தேன். பிறகு கேட்டார்: "அந்தப் பாலத்தடியிலை டோய்லெட் இருக்கோ?" இருந்தது. அடுத்த மாத நிகழ்ச்சி நிரலில் "ஸ்ட்ராஸ்பூர்க்: தேவாலயம், பாலம், மதிய உணவு" என்று அச்சாகி வந்தது. ஒரு விளக்கமும் இல்லை. அதற்குப் பிறகு ஸ்ட்ராஸ்பூர்க் வரைக்கும் மட்டும் வருகிற பயணிகள் எங்களுக்கு அவ்வப்போது கிடைத்தார்கள், எல்லோருடைய மடியிலும் சாப்பாட்டுப் பை. ஒரு தகப்பனும் மகனும். இரண்டு சகோதரிகள். பாலத்தில் என்ன பார்க்க இருக்கிறது என்று ஏனைய பயணிகள் வழக்கம்போலக் கேட்டார்கள். நல்ல காற்று என்று சொல்லுவேன்.

வதனியின் வழக்கு வெல்ல இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. ஜெயந்தனை முறைப்படி பிரான்சுக்கு எடுப்பதற்கு அதைவிடக் கூட ஆனது. இரண்டு பேருக்கும் பத்து வருட வதிவிட அட்டையும் பயணப் பத்திரமும் கிடைத்த கோடையில் நிலையத்துக்கு வந்தார்கள். ஜெயந்தன் தாடியை எடுத்திருந்தான், கொஞ்சம் வயிறும் வைத்திருந்தான். சுவிஸ் பயணத்துக்கு இரண்டு இடம் வேண்டும் என்றார்கள்.

தெரிந்தவர்கள் என்பதால் உண்மையைச் சொன்னேன். "தங்கச்சி, அது சனத்தை ஏமாத்துற இடம். பனியைத் தொட்டுப் பாத்திட்டு வாறதுதான்."

"பறவாயில்லை அண்ணை," என்றாள் வதனி. "எல்லாரும் போய் ஏமாறினம். நாங்களும் ஒருக்கா ஏமாறிப் பாப்பம்."

அந்தப் பயணத்துக்கும் நான்தான் போனேன். ஸ்ட்ராஸ்பூர்க்கில் சாப்பிட்டு முடித்து, வாகனப் பாலத்தால் பஸ் ரைன் நதியைத் தாண்டியது. ஜெயந்தன் சாப்பிட்ட களையில் நித்திரை. வதனி யன்னல் ஓரத்தில் நிமிர்ந்து இருந்தாள். இரண்டு அட்டையையும் இரண்டு பயணப் பத்திரத்தையும் கையில் விசிறிபோல விரித்துப் பிடித்திருந்தாள். பாரிசில் ஏறியதிலிருந்தே அப்படித்தான் இருந்தாள் போல. பஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு சுற்றுவட்டம், ஒரு பெற்றோல் நிலையம், ஒரு தளபாடக் கடை.

"அண்ணை, எல்லை எப்ப வரும்?"

"தாண்டியிட்டம், தங்கச்சி. இது ஜெர்மனி."

திரும்பிப் பின்கண்ணாடியால் பார்த்தாள். ஆறு ஏற்கனவே மறைந்திருந்தது.

"ஒருத்தரும் கேக்கேல்லையே," என்றாள். அவளுடைய குரலில் இருந்தது கோபம்தான். இத்தனை வருடமாக, யாராவது கேட்டுவிடுவார்கள் என்று பயந்து பயந்து இருந்தவளை, கொடுப்பதற்குப் பத்திரம் கையில் வந்த பிறகு, எல்லை தாண்டிய நாளில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் இருக்கையால் எழும்பினேன். சட்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கத்தில் போய் நின்று கையை நீட்டினேன்.

"மேடம், பேப்பர்."

என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நேராக இருந்து எல்லாவற்றையும் தந்தாள். முன்பக்கம் பார்த்தேன், பின்பக்கம் பார்த்தேன், திகதி பார்த்தேன், அவளுடைய முகத்தைப் பார்த்தேன். ஜெயந்தனின் படத்தையும் வாய் திறந்து நித்திரை கொண்ட அவன் முகத்தையும் ஒப்பிட்டேன்.

"எல்லாம் சரி. போகலாம்," என்று திருப்பிக் கொடுத்தேன்.

"மெர்சி முசியூ," என்றாள் வதனி. பத்திரங்களைப் பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள். பிறகு கணவனின் தோளைத் தட்டி எழுப்பி, யன்னலுக்கு வெளியே போன கடைகளைக் காட்டத் தொடங்கினாள்.